உதயமா, அஸ்தமனமா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எந்த மலையில் எப்போது ஏறலாம்

மார்கழி பிறந்தால் போதும், ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகனிடமிருந்து போன் வந்துவிடும். "மாமா, இந்த வருசமாவது ஒரு மலைக்குப் போலாம். விடியறதைப் பார்க்கலாமா, பொழுது இறங்கறதைப் பார்க்கலாமா, நீங்களே முடிவு பண்ணிச் சொல்லிடுங்க." யார் யார் வருகிறார்கள் என்று கேட்டால் அவன், அவன் மனைவி, ஏழு வயது மகள், முட்டிவலியோடு எங்கள் அக்கா, கூட வேலை செய்யும் இரண்டு பையன்கள். இந்த ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லத்தான் நானும் பல வருடமாகத் திணறிக்கொண்டிருக்கிறேன்.

எது அழகு என்று ஆரம்பித்தால் பேச்சு முடியாது. விடியல் கட்சிக்காரர்களும் சாயங்காலக் கட்சிக்காரர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதனால் நான் கேட்பது வேறு கேள்வி. ஏறுவது, இறங்குவது என்ற இரண்டில் ஒன்று இருட்டில்தான் நடக்கும். உங்கள் கூட்டத்துக்கு எது இருட்டில் இருந்தால் பரவாயில்லை?

## முதலில் பார்க்க வேண்டியவை

இருட்டு. உதயம் பார்க்கப் போனால் இருட்டில் ஏறி வெளிச்சத்தில் இறங்குவீர்கள். அஸ்தமனத்துக்குப் போனால் நேர் எதிர். ஏறும்போது மூச்சு வாங்குமே தவிர, கால் தவறினால் பெரும்பாலும் கையை ஊன்றித் தப்பித்துவிடலாம். இறங்கும்போது முழு உடம்பின் பாரமும் முட்டியில் இறங்குகிறது, வழுக்கினால் சறுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். நம் பக்கத்து மலைகள் பெரும்பாலும் மொட்டைப் பாறை. அதில் இருட்டில் இறங்குவது எப்படி என்று கீழே என் கதையைச் சொல்கிறேன்.

நேரம். நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். மறைந்த பிறகு நடக்கிற அளவு வெளிச்சம் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் நிற்கும். ஜனவரி நடுவில் இங்கே உதயம் 6.40ஐ ஒட்டி, அஸ்தமனம் 6.10ஐத் தாண்டி. ஜூனில் 5.50க்கே விடிந்துவிடும், சாயங்காலம் 6.45 வரை சூரியன் நிற்கும். ஏமாற்றுவது நவம்பர். 5.50க்கெல்லாம் சூரியன் போய்விடும். ஜூனில் போய் வந்த பழக்கத்தில் நவம்பரிலும் ஐந்தரைக்கு ஏற ஆரம்பிக்கிறவர்கள் பாதி வழியில் மாட்டுவார்கள்.

திசை. இதை யாரும் யோசிப்பதில்லை. மலை உயரமாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். கிழக்கே இரண்டு டிகிரி உயரத்துக்கு இன்னொரு மலைத்தொடர் நின்றாலே சூரியன் கண்ணில் பட எட்டு, ஒன்பது நிமிடம் தாமதமாகும். வரும்போது சிவப்பெல்லாம் வடிந்து கண் கூசும் வெள்ளையாக வரும். சூரியன் வருடம் முழுக்க ஒரே இடத்தில் உதிப்பதும் இல்லை. டிசம்பரில் நேர் கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி, ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளி.

அனுமதி. தொல்லியல் துறை, வனத்துறை, கோயில் என்று இங்குள்ள மலைகளுக்கு மூன்று விதமான பூட்டு உண்டு. ஒவ்வொரு மலையிலும் அதைச் சொல்கிறேன்.

வானம். மாதத்துக்கு மாதம் மாறும். அடுத்த இரண்டு பகுதிகளும் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

## விடியற்காலை ஏற்றம்

இதன் முதல் பலம் காற்று. பகலில் லாரியும் கல்குவாரியும் கிளப்பிய புழுதி இரவில் அடங்கிவிடுகிறது. விடியலில் தூரத்து மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும். செப்டம்பர், அக்டோபரில் நம் பக்கம் மழை பெரும்பாலும் சாயங்காலத்திலோ இரவிலோதான் கொட்டும். அந்த இரண்டு மாதமும் அஸ்தமனம் பார்க்கக் கிளம்பினால் பாதி நாள் நனைந்துதான் வருவீர்கள். மறுநாள் விடியல் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

அப்புறம் பனிமூட்டம். மழை பெய்து ஈரம் ஊறிய நிலம், மேகமில்லாத, காற்றில்லாத இரவு: இரண்டும் சேர்ந்தால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து பள்ளத்தில் மூடுபனி தேங்கும். டிசம்பர், ஜனவரியில் மழை நின்று இரண்டு நாள் கழித்து வானம் வெளுத்திருந்தால் போகலாம். ஆனால் மலை அந்தப் பனிக்கு மேலே நிற்க வேண்டும். நூறு, நூற்றைம்பது மீட்டர் கரடாக, அதாவது சின்னப் பாறைக் குன்றாக இருந்தால் நீங்களே பனிக்குள் இருப்பீர்கள். எட்டு மணி வரை வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்கலாம். போட்டோவில் வரும் மேகக்கடல் எல்லா மலைக்கும் கிடைக்காது.

போகிப் பண்டிகை அன்று மட்டும் போகாதீர்கள். ஊர் முழுக்கப் புகை.

செலவு என்ன? தூக்கம் முதலில். ஆறரைக்கு மேலே இருக்க வேண்டுமென்றால் ஐந்தரைக்கு அடிவாரம், நாலு மணிக்கு வீடு. குழந்தையைத் தூக்கத்தில் எழுப்பிக் கூட்டிப்போனால் சூரியன் வரும் நேரத்தில் அது தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது, அந்த நேரத்துக்கு அடிவாரக் கிராமங்களுக்கு டவுன் பஸ் கிடையாது. சொந்த வண்டி இல்லாதவர்கள் முந்தின இரவே வந்து லாட்ஜில் தங்க வேண்டும், ஆட்டோவை முன்கூட்டியே பேச வேண்டும். மூன்றாவது பனி ஈரம். காய்ந்த பாறையில் பிடிக்கும் செருப்பு, பனி பட்ட பாறையில் பிடிக்காது.

நாலாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யானை. கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து மழைக்காலம் முடியும் தறுவாயில் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கி, சானமாவு, ஊடேதுர்க்கம் காடுகள் வரை வருவது வருடா வருடம் நடப்பது. கேழ்வரகு முற்றும் நேரம் அது. ராத்திரி வயலில் மேய்ந்துவிட்டு விடிவதற்குள் காட்டுக்குத் திரும்பும். நீங்கள் ராயக்கோட்டை மலைக்கு பைக்கில் போவதும் அதே நேரம்தான். ஓசூர் - ராயக்கோட்டைச் சாலை சானமாவுக் காட்டை ஒட்டிப் போகிறது. அந்த மாதங்களில் கருக்கலில் அந்த வழியே இருசக்கர வண்டி வேண்டவே வேண்டாம்.

## சாயங்கால ஏற்றம்

வசதி என்றால் இதுதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், பஸ் இருக்கும், குழந்தை குஷியாக இருக்கும், லாட்ஜ் செலவு இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேகங்களைத் துரத்திக்கொண்டிருக்கும் காலத்தில் அஸ்தமனத்துக்கு ஈடில்லை. நம் பக்கம் அப்போது பெருமழை குறைவு, மேகம் நிறைய. வெறும் வானத்தில் சூரியன் மறைவது ஐந்து நிமிடக் காட்சி. மேகம் இருந்தால் மறைந்த பிறகும் கால் மணி நேரம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும்.

மார்ச் முதல் மே வரை நான் சாயங்காலத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பகல் முழுக்கக் காய்ந்த பாறை ஆறு மணிக்கும் சுடும். கையை ஊன்ற முடியாது. தொடுவானம் வரை புழுதிமூட்டம். சூரியன் கீழே தொடுவதற்கு முன்பே சாம்பலுக்குள் கரைந்துவிடும். ஏப்ரல், மே மாங்காய் மழை இடியோடு வருவதும் சாயங்காலம்தான். மொட்டைப் பாறை உச்சியில் அந்த ஊரிலேயே உயரமான பொருளாக நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள். இடி முதல் தடவை கேட்டவுடனே இறங்கிவிட வேண்டும், சூரியனாவது ஒன்றாவது.

இனி என் கதை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு கரடு. சின்ன வயதிலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு ஏறிய இடம், ஒவ்வொரு கல்லும் தெரியும் என்ற தைரியம். ஒரு நவம்பர் சாயங்காலம் தனியாகப் போய் உட்கார்ந்தேன். வானம் நன்றாக இருந்ததால் எழ மனமில்லை. எழுந்தபோது போனில் பதினாலு சதவீதம் சார்ஜ். அதன் வெளிச்சம் காலடியில் இரண்டு அடிதான் காட்டும். பாறையில் தடம் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. பகலில் நாம் தடத்தைப் பார்த்து நடப்பதில்லை, கீழே தெரியும் வேப்பமரத்தையும் கோயிலையும் குறிவைத்து நடக்கிறோம். அவை மறைந்ததும் நான் இடதுபக்கம் ஒதுங்கி, சரிவு கூடிக்கொண்டே போகும் வழுக்குப்பாறையில் வந்து நின்றிருந்தேன். உட்கார்ந்து, பின்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்து மேலே ஏறி, மறுபடி வழி தேடி இறங்க ஒன்றரை மணி நேரம். பகலில் பதினைந்து நிமிட வழி. வேட்டி கிழிந்ததை வீட்டில் இன்றுவரை முள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே சாயங்காலம் போகிறவர்களுக்கு இரண்டு விதி. படிக்கட்டோ தார்ச் சாலையோ உள்ள மலையில் மட்டும் போங்கள். தலையில் மாட்டும் லைட் ஆளுக்கு ஒன்று, போன் அதில் சேராது. பௌர்ணமி அன்று போக முடிந்தால் இன்னும் நல்லது. மேற்கே சூரியன் இறங்கும் நேரத்திலேயே கிழக்கே நிலா ஏறும், இறங்கும்போது துணைக்கு வரும். இரண்டு நாள் தள்ளிப் போனால் நிலா ஒன்றரை மணி நேரம் தாமதமாகத்தான் வரும், அது உதவாது.

## எந்த மலை, எந்த நேரம்

| இடம் | உதயம் | அஸ்தமனம் | வழி | யோசிக்க மறப்பது |
|---|---|---|---|---|
| கிருஷ்ணகிரிக் கோட்டை மலை | விதிப்படி முடியாது | பாதி மலையிலிருந்து | படியும் பாறையும் | தொல்லியல் துறை நேரம் |
| ராயக்கோட்டை | விதிப்படி முடியாது | பாதி மலையிலிருந்து | படியும் பாறையும் | போகும் வழியில் யானை |
| தீர்த்தமலை | பாதி வழியில் | பரவாயில்லை | படி | குரங்கு, நடை சாத்தும் நேரம் |
| வத்தல்மலை | பனிக்கு முதலிடம் | மிக நன்று | தார்ச் சாலை | பிரேக், மூடுபனி, குளிர் |
| ஓசூர் மலைக்கோயில் | பனி இல்லாத நாளில் | நன்று | வண்டியே போகும் | நகரப் புழுதி |

### கோட்டை மலைகள் இரண்டு

கிருஷ்ணகிரிக் கோட்டையும் ராயக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. இப்படிப்பட்ட சின்னங்களுக்குப் பொதுவான விதி, சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் திறந்திருக்கும் என்பது. கவனித்தீர்களா? உச்சியில் நின்று உதயம் பார்க்க வேண்டுமென்றால் திறப்பதற்கு முன்பே ஏற வேண்டும், அஸ்தமனம் பார்த்தால் மூடிய பிறகுதான் இறங்க முடியும். நம்மைப் போன்ற ஆட்களைத் தடுக்கவே எழுதிய மாதிரி ஒரு விதி.

அதனால் இங்கே நான் செய்வது: நாலு மணிக்கு ஏறி, உச்சியில் மஞ்சள் வெயிலைப் பார்த்துவிட்டு, அஸ்தமனத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே இறங்க ஆரம்பிப்பது. கடைசி நிறங்கள் பாதி மலையில் வரும்போது கிடைத்துவிடும். கிருஷ்ணகிரியில் அது நஷ்டமே இல்லை. அணையின் நீர்ப்பரப்பு ஊருக்குத் தென்மேற்கே கிடக்கிறது, டிசம்பர், ஜனவரியில் சூரியனும் மேற்கிலிருந்து தெற்கே ஒதுங்கி ஏறக்குறைய அந்தப் பக்கமாகத்தான் இறங்குகிறது. தண்ணீர் தகடு மாதிரி மின்னும். மலையில் சையத் பாஷா தர்கா இருக்கிறது, அதனால்தான் ஊரில் இதற்கு சையத் பாஷா மலை என்று பேர். தொழுகைக்கு வருகிறவர்கள் நடுவே பாட்டுப் பெட்டியை அலறவிடாமல் போவது மரியாதை.

ஏற்றம் லேசு என்று நினைக்க வேண்டாம். திப்பு சுல்தானோடு நடந்த போரில், 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலப் படை கீழே இருந்த பேட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. ராயக்கோட்டை அதே வருடம் அதே படையின் மேஜர் கௌடியிடம் விழுந்துவிட்டது. இதை வைத்து எந்த மலை கடினம் என்று முடிவு கட்ட முடியாது, ஆனால் கூட வரும் பையன்களிடம் சொல்ல நல்ல கதை. போக்குவரத்தில் ராயக்கோட்டை ஜெயிக்கிறது: சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாக பெங்களூரு போகும் ரயில் பாதையில் அதற்கு ஸ்டேஷன் இருக்கிறது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இல்லை. அந்தக் குறையைப் பேச ஆரம்பித்தால் மலை ஏற முடியாது.

இரண்டிலும் பாறை இடுக்குகளில் மலைத்தேனீ அடை கட்டியிருக்கலாம். புகையும் சென்ட்டும் வேண்டாம்.

### தீர்த்தமலை

அரூரிலிருந்து பதினாறு கிலோமீட்டர் போல. மலைமேல் தீர்த்தகிரீசுவரர், பாறையிலிருந்து விழும் ராம தீர்த்தம். இராமன் பூசைக்குத் தண்ணீர் வேண்டி அம்பு விட்ட இடம் என்பது தலபுராணம். படி இருப்பதால் பாதுகாப்பு, முட்டிவலி உள்ளவர்களுக்குச் சோதனை. அக்காவை இங்கே கூட்டிப்போனால் நேர்த்திக்கடன் என்று சொல்லித்தான் ஏற்ற முடியும்.

இது கோயில் மலை, காட்சி மலை இல்லை. பூசை நேரத்தை ஒட்டித்தான் மேலே ஆள் நடமாட்டம் இருக்கும். விடியற்காலை ஏறி, பாதி வழியில் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய், முதல் பூசைக்குப் போய்ச் சேருவது என் கணக்கில் சரியான திட்டம். சூரியனுக்காக மட்டும் வருகிறவர்களுக்கு வேறு இடம் உண்டு. குரங்குகள் கையில் பாலித்தீன் பையைப் பார்த்தால் சாமான் என்னவென்று கேட்பதில்லை, பிடுங்கிவிடும்.

### வத்தல்மலை

தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், 24 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். மேலே பெரியூர், பால்சிலம்பு, ஒன்றிக்காடு என்று கிராமங்கள். காபியும் மிளகும் சில்வர் ஓக் மரத்தடியில், சாமை மேட்டு நிலத்தில்.

உதயம் பார்க்க என்று எல்லோரும் இங்கே வருகிறார்கள், வளைவில் வண்டியை நிறுத்தி மேற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சாலை தருமபுரிச் சமவெளியைப் பார்த்த சரிவில் ஏறுகிறது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், மலைக்கு அந்தப் பக்கம் உதிக்கும். ஆகவே வளைவுகள் அஸ்தமனத்துக்கான இடம். தார்ச் சாலை என்பதால் இருட்டில் இறங்கும் பயமும் பாதியாகக் குறைகிறது. ஆனால் பனி தேங்கிய காலையில் அதே வளைவில் இன்னொன்று கிடைக்கும்: கீழே பரந்த வெள்ளையின்மேல் மலையின் நிழல் நீளமாக விழுந்து, சூரியன் ஏற ஏற உங்களை நோக்கிச் சுருங்கி வரும். சூரியனையே பார்த்தாக வேண்டும் என்பவர்கள் மேலே போய் கிழக்கு ஓரத்துக்கு வழி கேளுங்கள். அது யாரோ ஒருவரின் சாமைக் காடு என்பதை நினைவில் வையுங்கள்.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் ஆறரை டிகிரி குறையும். இங்கே தருமபுரியைவிட நாலு டிகிரியாவது குறைவாக இருக்கும், காற்று வேறு. இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் கருகிய வாடை வரும். சரிவெல்லாம் காப்புக்காடு, சாலையை விட்டு உள்ளே போவது குற்றம். விடியுமுன் வண்டியை விடுவார்களா என்பதை முந்தின நாளே அடிவாரத்தில் கேட்டுவிடுவது நல்லது.

காட்டுக்குள் நடந்தே தீர வேண்டும் என்ற பையன்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறிகள் இறந்த பிறகு மாநிலத்தில் இதற்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையப் பதிவுக்குத் திறந்தது, வழிகாட்டியோடு போகலாம். அது பகல் நடை. சூரியனை உச்சியில் பிடிக்கும் ஆசைக்கு உதவாது.

### ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலை

வண்டி மேலேயே போகும். சாமி கும்பிட்டுவிட்டு, நகரத்தில் விளக்கு எரிய ஆரம்பிக்கும் வரை நின்றுவிட்டு வரலாம். மலையேற்றம் என்று இதைச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் நான் யோசிக்காமல் சொல்லும் இடம் இதுதான்.

## கடைசியில் போன இடம்

கணக்குப் போட்டுப் பார்த்தால் அக்கா மகனுக்கு ஓசூர் மலை சாயங்காலம், பையன்களுக்கு வத்தல்மலை விடியல் என்று இரண்டு பயணமாக வந்தது. இரண்டு தடவை லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டான். போன தையில், பொங்கல் முடிந்த மறுநாள், ஒரு வாடகை வண்டியில் என்னையும் சேர்த்து ஏழு பேரும் வத்தல்மலைக்கே போனோம்.

ஏழேகால் வரை எதுவுமே தெரியவில்லை. பையன்கள் போனை நீட்டிக்கொண்டு மேற்கே நின்றார்கள். "சூரியன் எங்க தாத்தா?" என்று சின்னவள் கேட்டாள். முதுகுப் பக்கம் கையைக் காட்டினேன். மேலே மரங்களின் நுனி மட்டும் பொன்னாகியிருந்தது. பிறகு பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே படிந்து, அதன்மேல் நிழல் விழுந்தது. மலை ஏதோ படுத்திருந்துவிட்டு எழுந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

அக்கா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, கம்பளிக்குள்ளிருந்து கேட்டாள்: "இதுக்காடா மூணரைக்கு எழுப்பினே? சட்னி வெச்சிருக்கேன், இட்லி ஆறுது, வந்து சாப்பிடுங்க."